செருப்புப் போட ஒரு சட்டமா?



சமூக அறிவியல் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சி பாடம் நடத்தினார்கள். 1789 ஆகஸ்ட் 26-ஆம் தேதி பிரான்ஸ் தேசிய சபை மனித உரிமை, குடிமக்கள் உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. மொத்தம் 17 பிரிவுகள். மனிதர்கள் பிறக்கும்போதே சுதந்திரமானவர்கள், உரிமையில் சமமானவர்கள் என்பது முதல் பிரிவின் கருத்து. அந்த வருஷம் நம்ம திண்டுக்கல் மலைக்கோட்டை திப்பு சுல்தானிடம் இருந்தது. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது.

அப்படியென்றால் பாண்டிச்சேரித் தமிழர்களுக்குச் சமத்துவம் கிடைத்திருக்குமே என்று நினைத்தேன். இல்லை. 84 வருஷம் கழித்து, 1873-ல், பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பியர் மாதிரி ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி அனுமதிக்கவில்லை. அவரும் விடவில்லை. பாரிசில் இருந்த உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார்.

பெண்களையும் அந்தப் பிரகடனம் விட்டுவிட்டது. 1791-ல் ஒலிம்ப் தெ கூஜ் என்ற அம்மையார் பெண்களுக்காகத் தனியாக ஒரு பிரகடனம் எழுதினார். 1793-ல் அவர் தலையை வெட்டினார்கள். பிரான்ஸ் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1944-ல்தான்!

இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். எங்க அம்மாச்சி சிரிச்சாங்க. எங்க தாத்தா திண்டுக்கல்லில் தோல் பதனிடும் வேலைக்குப் போனவர். ஆனால் அம்மாச்சி கடைக்குப் போகும்போது ஒரு தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கணுமாம். இப்போது யாரும் கழற்றச் சொல்வதில்லை. ஆனாலும் அந்தத் தெரு வந்தால் அவங்க கழற்றிடுறாங்க. ஏன் என்று கேட்டேன். “பழகிப்போச்சு தாயி” என்றாங்க.

நம் அரசியலமைப்புச் சட்டம் 1950-லேயே தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதை 2015-ல் திருத்தியபோது, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொது இடத்தில் செருப்புப் போடுவதையும், சைக்கிள் ஓட்டுவதையும், புதுத்துணி உடுத்துவதையும் தடுப்பது குற்றம் என்று தனித்தனியாகவே எழுதினார்கள்.

இதைக் கேட்டுவிட்டு என் தோழி ஒருத்தி, “செருப்புக்கெல்லாம் ஒரு சட்டமா? அதெல்லாம் அந்தக் காலம்டி” என்றாள். என் கருத்து வேறு. ‘எல்லோரும் சமம்’ என்று பொதுவாக எழுதினால் யாரையாவது சுலபமாக விட்டுவிடலாம். ‘செருப்பு’ என்று எழுதினால் தப்பிக்க முடியாது. அதனால் பெரிய வார்த்தைகளைவிட இந்தச் சின்ன வார்த்தைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் சட்டத்தால் முடியாத வேலையும் ஒன்று இருக்கிறது. அம்மாச்சி மனசில் இருக்கும் பயத்தைப் போலீசால் எடுக்க முடியாது. நம்மால்தான் முடியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாச்சியை அந்தத் தெரு வழியாகக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். இரண்டு பேரும் செருப்புப் போட்டுத்தான் வருவோம். அந்தத் தெருவில் இருக்கும் தோழர்களே, தோழிகளே, எங்களைப் பார்த்தால் “வாங்க அம்மாச்சி” என்று ஒரு வார்த்தை கூப்பிடுங்கள். அது போதும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி