சிசேரியன் 'ஈஸி ரூட்' இல்லை: ஆபரேஷன் தியேட்டர் முதல் ஆறாவது வாரம் வரை என்ன நடக்கும்?

குழந்தை பிறந்த சேதி வந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "ஆணா, பொண்ணா?" அடுத்தது, "நார்மலா, சிசேரியனா?" நார்மல் என்றால் எல்லோருக்கும் நிம்மதி. சிசேரியன் என்றால் "அடடா..." என்று ஒரு இழுவை. கூடவே, "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு வலியே தாங்க முடியல" என்று ஒரு கமென்ட். நம்மிடம் இருக்கும் வார்த்தையே 'சுகப்பிரசவம்'தானே. அப்போ மற்றது?

என் அக்காவுக்கு சிசேரியன்தான் நடந்தது. இரண்டாம் நாள் பார்க்க வந்த பெரியம்மா ஒருவர், "தண்ணி ஜாஸ்தி குடிக்காதம்மா, தையல் சீழ் பிடிச்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவும் கேட்டுக்கொண்டாள். நான்காம் நாள் மலச்சிக்கல், சிறுநீர் போனால் எரிச்சல். அடிவயிற்றில் தையலை வைத்துக்கொண்டு முக்குவது எப்படி இருக்கும் என்று அவள் சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது. டாக்டர் கேட்ட ஒரே கேள்வி: "யாரு தண்ணி குடிக்க வேணாம்னு சொன்னது?"

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9 சதவிகிதப் பிரசவங்கள் சிசேரியன். இந்திய அளவில் இது 21.5 சதவிகிதம். இங்கே ஏன் இவ்வளவு அதிகம் என்பது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை ஆஸ்பத்திரிகளிடமும் அரசிடமும் கேட்போம். தையலோடு படுத்திருப்பவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தாலோ, குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கினாலோ, அந்த நேரத்தில் இரண்டு உயிரையும் காப்பாற்றுவது இந்த ஆபரேஷன்தான்.

தியேட்டருக்குள்ளே...

முன்கூட்டியே தேதி குறித்த சிசேரியன் என்றால், சில மணி நேரம் முன்பிருந்தே சாப்பிடக் கூடாது என்பார்கள். பெரும்பாலும் முழு மயக்கம் கிடையாது. உட்கார வைத்தோ, ஒருக்களித்துச் சுருண்டு படுக்க வைத்தோ, கீழ் முதுகில் ஊசி போடுவார்கள். சில நிமிடங்களில் நெஞ்சுக்குக் கீழே மரத்துவிடும். வலி தெரியாது. ஆனால் யாரோ உள்ளே கைவிட்டு இழுப்பது, அழுத்துவது எல்லாம் தெரியும். இதை முன்பே யாரும் சொல்லாததால்தான் பலர் பயந்துபோகிறார்கள். உடம்பு கிடுகிடுவென நடுங்குவதும் சகஜம்.

குழந்தையை வெளியே எடுக்கப் பெரும்பாலும் பத்து நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பிறகுதான் நேரம் பிடிக்கும். கருப்பையில் தொடங்கி தோல் வரை ஒவ்வொரு அடுக்காக மூடித் தைக்க வேண்டும். எல்லாம் சேர்த்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். வெளியே தெரிவது அடிவயிற்றில் கிடைமட்டமாக ஒரு கோடு. அதற்குக் கீழே எத்தனை அடுக்கு தைத்திருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே வீட்டில் யாருக்கும் அது பெரிய ஆபரேஷனாகவும் தெரிவதில்லை. குடல்வால் ஆபரேஷன் முடிந்து வந்த தம்பியைப் படுக்க வைத்துத் தாங்குகிறோம். இங்கே மட்டும் மரப்பு விட்ட கையோடு, ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து பால் கொடுக்கச் சொல்கிறோம்.

முதல் நாளே நடக்கணுமா?

ஆமாம், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கச் சொல்வார்கள். நர்ஸ் கொடுமைக்காரி இல்லை. அசையாமல் படுத்தே இருந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் இருக்கிறது. ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுந்தால் தையலில் இழுப்பு குறையும். இருமல், தும்மல், சிரிப்பு வந்தால் வயிற்றில் ஒரு தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம்.

பலருக்கு அதிர்ச்சி தரும் இன்னொரு விஷயம் உதிரப்போக்கு. "ஆபரேஷன்லயே எல்லாம் க்ளீன் பண்ணிடுவாங்கல்ல?" என்று நினைக்கிறார்கள். நார்மல் டெலிவரி மாதிரியேதான், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே ஆறு வாரம் வரை இருக்கலாம்.

'ஆபரேஷன் ஆச்சு, மூணு நாளைக்குப் பால் வராது' என்று பவுடர் டப்பாவை வாங்கி வந்துவிடுவதும் நடக்கிறது. தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே மார்பில் போடலாம். நிறையப் பால் சுரக்கத்தான் சில நாட்கள் ஆகும். அதுவரை வரும் கொஞ்சம் சீம்பாலே குழந்தைக்குப் போதுமானது. படுத்தபடி கொடுத்தாலோ, குழந்தையைப் பக்கவாட்டில் அக்குளுக்குக் கீழே பிடித்துக் கொடுத்தாலோ தையலில் பாரம் விழாது. வலி மாத்திரை பாலில் கலந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம். டாக்டர்கள் வழக்கமாக எழுதித் தரும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் இரண்டும் பால் கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளக் கூடியவைதான்.

முதுகு ஊசியால் காலம் முழுக்க முதுகு வலி என்ற பயமும் உண்டு. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலிக்கலாம். அதற்குப் பிறகும் நீடிக்கும் முதுகு வலி நார்மல் டெலிவரி ஆனவர்களுக்கும் வருகிறது. கர்ப்பம் இடுப்பையும் முதுகையும் படுத்திய பாடு அது. ஆனால் உட்கார்ந்தால் தலை வெடிக்கிறது, படுத்தால் சரியாகிறது என்றால் அது ஊசியோடு தொடர்புடைய தலைவலியாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், சிகிச்சை இருக்கிறது.

தையலில் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். சுத்தமாக, ஈரமில்லாமல் இருந்தாலே போதும். தழும்பைச் சுற்றி மாதக்கணக்கில் மரத்த மாதிரி இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆறு வாரம் வரை குழந்தையை விடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். தண்ணீர்க் குடமும் சிலிண்டரும் அதில் அடக்கம்.

எப்போது ஓட வேண்டும்?

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், தையல் சிவந்து சீழோ நாற்றமோ வந்தால், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால், மூச்சு வாங்கினால், கண் மங்கலோடு கடுமையான தலைவலி வந்தால் 'காலைல பார்த்துக்கலாம்' என்று விடாதீர்கள். 108-க்குக் கூப்பிடுங்கள். முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம். இரண்டு வாரம் தாண்டியும் மனசு தெளியவில்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். மனநல உதவிக்கு 14416 என்ற 'டெலி மானஸ்' எண் 24 மணி நேரமும் இருக்கிறது. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

இத்தனையையும் அம்மா வீட்டுத் தலையில் கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போகும் கணவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டப்படி பெண்களுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு உண்டு. மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள். தனியார் கம்பெனி அப்பாக்களுக்குச் சட்டம் எதுவுமில்லை, ஹெச்.ஆர். மனசு வைத்தால்தான். அதனால் டெலிவரி தேதி தெரிந்ததும் முதலில் லீவு மெயிலைப் போடுங்கள். ராத்திரி குழந்தையைத் தூக்கி அம்மாவின் பக்கத்தில் கொண்டுவந்து படுக்க வைப்பதும், பால் குடித்ததும் ஏப்பம் விட வைப்பதும், டயாப்பர் மாற்றுவதும் தையல் இல்லாதவரின் வேலை.

டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைத்துவிடாதீர்கள், போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் சிசேரியன் செய்தார்கள், கருப்பையில் எப்படி வெட்டினார்கள் என்ற விவரம் அதில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு தடவை சிசேரியன் ஆனவர்களில் பலருக்கு அடுத்தது நார்மலாகவும் ஆகலாம். அது உங்களுக்குச் சரிப்படுமா என்று அடுத்த டாக்டர் முடிவு செய்யப்போவது அந்த இரண்டு வரியைப் பார்த்துத்தான்.