ஊர்ப் பெயரைச் சொன்னதும்



கொல்லிமலையிலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போன ஒருவரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவரிடமிருந்து அடுத்த கேள்வி வந்துவிடும். "சித்தருங்க இருக்கிற மலையா? எழுபது கொண்டை ஊசி வளைவாமே, தலை சுத்தாதா?" கொஞ்சம் இலக்கியப் பழக்கம் உள்ளவராக இருந்தால் வல்வில் ஓரியையும் கொல்லிப்பாவையையும் இழுப்பார். மலைக்காரர் சிரித்துத் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அவர் மனத்தில் இருக்கிற மலை வேறு. அங்கே முற்றத்தில் சாமை காய்கிறது. இந்த வருஷப் பலா என்ன விலைக்குப் போகும் என்று அம்மா கவலைப்படுகிறார்.

மான்செஸ்டரிலோ லண்டனிலோ வாழும் லிபியாக்காரருக்கும் இதே நிலைதான். அவர் நாட்டின் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் "கடாபி" என்பார். 2011இல் அவரை எதிர்த்துக் கிளர்ச்சி வெடித்த பிறகு "அங்கே சண்டை ஓய்ந்ததா?" என்று கேட்டார்கள். 2023 செப்டம்பரில் புயல் மழையில் டெர்னா நகருக்கு மேலிருந்த இரண்டு அணைகளும் உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதன்பின் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டார்கள். உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்ன சமைப்பார்கள் என்று கேட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இந்த இதழை அயல்நாட்டு வாழ்வுக்காக ஒதுக்கினோம். துபாய், சிங்கப்பூர், டொராண்டோ என்று நமக்குப் பழகிய ஊர்களே பக்கங்களை நிறைத்துக்கொண்டன. ஆகவே என் பக்கத்திலாவது நாம் அதிகம் பேசாத நாட்டுக்காரர்களைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். எழுத உட்கார்ந்த இடம் கொல்லிமலையில் உள்ள சோளக்காடு.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து வளைந்து வளைந்து ஏறி, காதடைப்பு நீங்கும் நேரத்தில் வந்துசேரும் ஊர் இது. சந்தைக்குப் பேர் போனது. வாழைத்தார், பலா, அன்னாசி, மிளகு, காப்பிக்கொட்டை என்று மலையில் விளைவதையெல்லாம் கீழே இருந்து வரும் வியாபாரிகள் வண்டியில் ஏற்றிப் போகிறார்கள். சந்தைத் தெருவில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால், பல வீடுகளில் யாராவது ஒருவர் வெளியில் இருப்பது தெரிகிறது. மிளகு பறிக்கக் கேரளா போனவர், பனியன் கம்பெனிக்குப் போனவர், போர்வெல் ரிக் வண்டியோடு வடநாட்டுக்குப் போய் ஆறு மாதமாகத் திரும்பாதவர். பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர் அப்படிப் போன மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். பதில்களை வைத்து மகன் கேட்டதை ஊகிக்க முடிந்தது. மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா, தார் என்ன விலைக்குப் போனது. சித்தர்களைப் பற்றி மகன் ஒன்றும் கேட்கவில்லை.

லிபியாவுக்கு வருகிறேன். அந்த நாட்டுக்காரர்கள் எங்கிருந்தாலும் தேடுகிற பதார்த்தம் ஒன்று உண்டு, பெயர் பாஸீன். பார்லி மாவை வேகவைத்து, கட்டையால் அடித்துப் பிசைந்து, பெரிய தட்டின் நடுவே குன்று போலக் குவிப்பார்கள். சுற்றிலும் ஆட்டிறைச்சிக் குழம்பை ஊற்றுவார்கள். குடும்பமே தட்டைச் சுற்றி உட்கார்ந்து, கையால் பிட்டுக் குழம்பில் புரட்டிச் சாப்பிடும். கேழ்வரகுக் களியைக் கீரைக் குழம்போடு சாப்பிட்டு வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். மாவும் குழம்பும் மாறினாலும் கை அறியும் வேலை அதேதான்.

பாஸீனைப் போலவே அந்த நாட்டு அடுப்படியில் புழங்குவது மக்ரோனி. 1911இல் படையெடுத்து வந்து, இரண்டாம் உலகப் போரில் 1943இல் வெளியேற்றப்பட்ட இத்தாலியர்கள் விட்டுப்போனது. கொடுமையான ஆட்சி அது. பல்லாயிரம் பேரைப் பாலைவன முகாம்களில் அடைத்தார்கள். ஆட்சி போய்விட்டது. மக்ரோனி மட்டும் மிளகாயும் மசாலாவும் சேர்த்து அவர்கள் வீட்டுச் சமையலாகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பின் சின்னக் கண்ணாடித் தம்ளரில், நுரை வர உயர்த்தி ஊற்றிய தேநீர். கடைசித் தம்ளரில் வறுத்த வேர்க்கடலையும் மிதக்கும். லண்டன் குளிரில் ஒரு லிபியாக்காரருக்கு நாடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்தத் தம்ளராகவும் இருக்கலாம்.

ஹிஷாம் மத்தார் என்ற லிபிய எழுத்தாளரைச் சிலர் படித்திருப்பீர்கள். 1970இல் நியூயார்க்கில் பிறந்து, சிறு வயதில் திரிபோலியில் வளர்ந்தவர். 1979இல் அவர் குடும்பம் நாட்டை விட்டு வெளியேறிக் கெய்ரோவில் குடியேறியது. கடாபியை எதிர்த்த தந்தை ஜபல்லா மத்தார் 1990இல் அங்கிருந்து கடத்தப்பட்டு, லிபியாவின் அபு சலீம் சிறையில் அடைக்கப்பட்டார். பிறகு அவர் என்ன ஆனார் என்பது குடும்பத்துக்கு உறுதியாகத் தெரியவே இல்லை. அப்போது லண்டனில் படித்துக்கொண்டிருந்த மகனுக்குப் பத்தொன்பது வயது. அந்தக் காலத்தில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டானது. மதிய நேரத்தில் நேஷனல் கேலரிக்குப் போவார். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரே ஓர் ஓவியத்தின் முன்னால் நின்று பார்த்துவிட்டு வருவார். மறுநாளும் அதே ஓவியம். போதும் என்று மனசு சொன்ன பிறகுதான் அடுத்த ஓவியத்துக்கு நகர்வார்.

தந்தையைத் தேடி 2012இல் லிபியா போனதை எழுதிய 'தி ரிட்டர்ன்' நூலுக்கு 2017இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. பத்திரிகைகள் அவரைக் கடத்தப்பட்டவரின் மகன் என்று அறிமுகம் செய்யும். அது உண்மைதான். ஆனால் அவரோடு எனக்கு நெருக்கம் உண்டாக்கியது அந்த மதிய நேரத்து ஓவியம்தான். அத்தனை பெரிய துயரத்தை வைத்துக்கொண்டும் ஒரு மனிதர் அன்றைய பகலை எப்படியோ கழித்தாக வேண்டியிருக்கிறதே!

இன்னொரு லிபிய எழுத்தாளர் இப்ராஹிம் அல்-கோனி. 1948இல் பிறந்தவர், சகாராவின் துவாரெக் இனத்தவர். பன்னிரண்டு வயதில்தான் அரபி எழுதப் படிக்கக் கற்றார். மாஸ்கோவில் இலக்கியம் படித்து, பல ஆண்டுகள் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்தார். ஜன்னலுக்கு வெளியே ஆல்ப்ஸ் மலையின் பனி, மேசையில் சகாரா மணல். அவர் எழுதிய நாவல்களில் ஒட்டகமும் காட்டு ஆடும் கிணறும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

லிபியாவில் அயலாராக வாழ்ந்த அனுபவம் நம்மவர்களுக்கும் உண்டு. 2011 பிப்ரவரியில் கிளர்ச்சி வெடித்தபோது அங்கே சுமார் 18,000 இந்தியர்கள் இருந்தார்கள். கட்டுமானத் தொழிலாளர்கள், எண்ணெய் நிறுவன ஊழியர்கள், பொறியாளர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள். பெங்காசியிலிருந்து 'ஸ்கோஷியா பிரின்ஸ்' கப்பல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்குப் போனது. ஏர் இந்தியா விமானங்கள் திரிபோலிக்குப் பறந்தன. கடற்படையின் 'ஜலஷ்வா', 'மைசூர்' கப்பல்களும் போயின. மீட்கப்பட்ட 15,000க்கும் மேற்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். விமான நிலையத்தில் மைக் நீட்டியவர்கள் குண்டுச் சத்தத்தைப் பற்றிக் கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த நாட்டில் அவர்கள் வாழ்ந்த வருஷங்கள், தண்ணீரைவிட மலிவாகப் பெட்ரோல் விற்ற வருஷங்கள், எழுதப்படாமலே போய்விட்டன. எந்தக் கடையில் அரிசி வாங்கினார்கள்? பொங்கலுக்கு லீவு கேட்டால் என்ன காரணம் சொன்னார்கள்? பக்கத்து வீட்டு லிபியாக்காரர் இவர்களை எப்படிக் கூப்பிட்டார்?

பெரிய நிகழ்வுகளைச் சொல்ல வரலாறு இருக்கிறது, செய்தித்தாள் இருக்கிறது. ஓர் ஊரின் சாதாரண நாளைச் சொல்ல அந்த ஊர்க்காரரை விட்டால் ஆள் இல்லை. வெளியூரில் வாழ்பவர் ஊரின் பெருமைக்கோ அவப்பெயருக்கோ விளக்கம் சொல்லியே களைத்துப்போகிறார். தனக்குத் தெரிந்த ஊரை வாய் திறந்து சொல்ல அவருக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. நாம் கேட்டால் சொல்வார்.

ஆகவே இந்த முறை உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரை விட்டு வெளியே இருப்பவர்கள், அது அபுதாபியோ திருப்பூரோ, உங்கள் ஒரு நாளை எழுதி அனுப்புங்கள். சாதித்ததையும் பட்ட கஷ்டத்தையும் இன்னொரு சமயம் பேசலாம். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், ஊருக்குப் போன் போட்டால் முதலில் எதை விசாரிப்பீர்கள், அங்கே பழகிப்போன எந்த வழக்கத்தை ஊருக்கு வந்தால் மறைத்துக்கொள்வீர்கள் என்று எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். எழுத்துப் பிழையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். லிபியாவிலிருந்து திரும்பியவர்கள் எழுதினால் அந்தக் கடிதத்துக்குத்தான் முதலிடம்.

ஊரிலேயே இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் தெருவில் கட்டட வேலை பார்க்கும் ஒடிசாக்காரரிடமோ பரோட்டா போடும் அசாம்காரரிடமோ, "உங்க வீட்ல இப்ப என்ன சமையல் நடக்கும்?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவர் சொன்னதையும் எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்