ஆங்கில வினையும் துணைச்சொல்லும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர்க்கு அம்மொழியின் வினைச்சொற்கள் தரும் தொல்லை இரண்டு வகைத்து. முதலாவது இறந்தகால வடிவம். ‘ரன்’ என்பது ‘ரான்’ ஆவதையும், ‘ஸ்விம்’ என்பது ‘ஸ்வாம்’ ஆவதையும், ‘கோ’ என்பது வேறொரு பழைய வினையின் வடிவத்தைக் கடன்கொண்டு ‘வென்ட்’ என நிற்பதையும் மனனஞ் செய்து அவர்கள் ஒருவாறு கரையேறிவிடுகின்றனர். இரண்டாவது தொல்லையே பெரிது. அவ்வினைகளின் பின்னே ‘அப்’, ‘டவுன்’, ‘இன்’, ‘அவுட்’, ‘அவே’ என வந்து நிற்கும் சிறு துணைச்சொற்களால் விளைவது அது. இவற்றை நாம் பயிற்றும் முறை பிழைபட்டதென்பதும், அதைத் திருத்தும் வழி நம் தாய்மொழியிலேயே உளதென்பதும் என் கருத்து.

ஒருநாள் நான் பாடஞ் சொல்லிக்கொண்டிருக்கையில், வெளியே நின்ற வேப்பமரத்திலிருந்து அணிலொன்று விரைந்திறங்கி, சாளரத்தின் வழியே அறைக்குள் பாய்ந்து, கீழே சிந்திக் கிடந்த நிலக்கடலை ஒன்றைக் கவ்விக்கொண்டு, வந்த வழியே ஓடி மரத்தின்மேல் ஏறிவிட்டது. கண்டதை ஆங்கிலத்தில் எழுதுக என்றேன். பெரும்பாலோர் அணில் ‘டிஸெண்டட்’ என்றும், அறைக்குள் ‘என்டர்ட்’ என்றும், மரத்துக்கு ‘ரிடர்ன்ட்’ என்றும் எழுதித் தந்தனர். இலக்கண வழு ஒன்றுமில்லை. ஆயினும் அவ்வெழுத்தில் அணிலைக் காணேன். நீதிமன்றத்துக்கு வந்து மீண்ட வழக்கறிஞர் ஒருவரையே கண்டேன். ஆங்கிலச் சிறுவனோ அணில் ‘ரான் டவுன்’, ‘டார்ட்டட் இன்’, ‘ஸ்கேம்பர்ட் அவுட்’ என்று சொல்லியிருப்பான். அவன் சொல்லில் அணில் ஓடும். நம் மாணவர் சொல்லில் அஃது இடம் மாறும், அவ்வளவே.

இவ்வேறுபாட்டின் காரணம் யாது? ஓர் இயக்கத்தைக் கூறுங்கால் இரண்டு செய்திகளைச் சொல்லவேண்டும்: எவ்வாறு இயங்கினான் என்பது ஒன்று, எத்திசையில் இயங்கினான் என்பது மற்றொன்று. ஒருவன் ஆற்றை நீந்திக் கடந்தான் என்க. தமிழில் இறந்தகாலத்தையும் எழுவாயின் பாலையும் சுமந்து முற்றாய் நிற்பது ‘கடந்தான்’ என்னும் சொல். அது திசையைக் கூறுவது. ‘நீந்தி’ என்னும் இயங்கிய விதம் எச்சமாய் முன்னே அடங்கி நிற்கின்றது. ஆங்கிலத்திலோ ‘ஸ்வாம் அக்ராஸ்’ என்பர். அங்கே காலத்தைச் சுமப்பது ‘நீந்தினான்’ என்னும் சொல்லே. கடத்தலைக் குறிக்கும் ‘அக்ராஸ்’ எக்காலத்தும் வடிவம் மாறாத துணைச்சொல்லாய்ப் பின்னே நிற்கின்றது. நாம் முற்றாக வைப்பதை அவர்கள் துணையாக்குகின்றனர்; நாம் எச்சமாக வைப்பதை முற்றாக்குகின்றனர். உள்ளே, வெளியே, மேலே, கீழே முதலிய சொற்கள் நமக்கும் உண்டு. ஆயினும் ஏறினான், இறங்கினான், நுழைந்தான், கடந்தான் என்னும் வினைகளே பெரும்பாலும் நம் வாக்கியத்தைத் தாங்குவன. உலகமொழிகள் இங்ஙனம் இரு வகைப்படுதலை லெனர்ட் டால்மி என்னும் அமெரிக்க மொழியறிஞர் 1985-ஆம் ஆண்டிற் போந்த தம் நீண்ட கட்டுரையில் விரித்துரைத்துள்ளார்.

இங்கே ஓர் உண்மை வெளிப்படும். பிரெஞ்சு மொழி இவ்வகையில் தமிழைப் போன்றது. ‘நீந்துதலாற் கடந்தான்’ என்பதே அதன் நடை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்திற் பெருகின. ‘என்டர்’, ‘டிஸெண்ட்’, ‘ரிடர்ன்’ என்பன அவ்வழி வந்தவை. திசையைத் தம்முள்ளே அடக்கிய இவ்வினைகள் நுழைந்தான், இறங்கினான், திரும்பினான் என்பவற்றோடு ஒன்றுக்கொன்று பொருந்துதலின், தமிழ் மாணவன் இவற்றையே நாடி ஓடுகின்றான். எனவே அவன் நடை விறைத்திருத்தல் அவன் மந்தபுத்தியால் அன்று. தாய்மொழியின் அமைப்புக்கு இணங்கியதைத் தேர்ந்ததனாலேயே. இதனை ஆசிரியர் அறியாராயின், குற்றமற்ற மாணவனைக் கண்டிப்பதன்றி வேறு செய்ய வல்லராகார்.

இத்துணைச்சொற்கள் அந்நியர்க்கு அரியன என்பதை டாக்டர் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். நாமோ அவ்வரியவற்றை நீண்ட பட்டியலாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனி மரபுத்தொடராகப் பாவித்து, பரீட்சைக்கென்று உருப்போடச் செய்கின்றோம். பரீட்சை முடிந்த மறுநாளே பட்டியல் மறந்துபோகின்றது. மேலும் ‘கேவ் அப்’ என்பது கைவிட்டான் எனப் பொருள்படுதல்போல, உறுப்புக்களால் பொருள் விளங்காதவற்றை முன்னே கற்பித்து, ‘க்ளைம்ப்ட் அப்’, ‘க்ரெப்ட் அவுட்’ என நேரே பொருள் தோன்றும் இயக்கத்தொடர்களைப் பின்னே தள்ளுகின்றோம். இது கூரையை முதலில் வேய்ந்து சுவரைப் பிறகு எழுப்புவதாகும்.

யான் கூறும் முறை எளிது. மாணவன் முதலில் தமிழிற் சொல்லட்டும்: தவழ்ந்து வெளியேறியது, தாவி ஏறிற்று, பறந்து போயிற்று. பின்னர் எச்சத்தை எடுத்து ஆங்கில இறந்தகால வினையாக்குக. முற்றை எடுத்துத் துணைச்சொல்லாக்குக. தவழ்ந்து என்பது ‘க்ரெப்ட்’. வெளியேறியது என்பது ‘அவுட்’. இங்ஙனம் பத்து வினையையும் பத்துத் துணைச்சொல்லையும் அறிந்தவன், பட்டியல் ஒன்றுமின்றியே பல பத்துத் தொடர்களைத் தானே ஆக்குவான். தன்மொழி இலக்கணம் அவனுக்குத் தடையாகாது படியாகும்.

இத்தொடர்கள் பேச்சுக்கன்றி மேன்மையான எழுத்துக்கு ஏலாவெனச் சிலர் கூறுவர். அது பொருந்தாது. 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகம மொழிபெயர்ப்பு இவற்றால் நிறைந்துள்ளது. அதனை மேன்மையற்ற நடையென்பார் யாருமிலர். நல்ல சமாரியன் உவமையில் எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன மனிதனை அது ‘டவுன்’ என்னும் சொல்லோடு சேர்த்தே குறிக்கின்றது. எருசலேம் மலைமேல் உள்ளது. எரிகோவோ கடல்மட்டத்துக்கும் கீழே கிடப்பது. அப்பாதையின் இறக்கம் முழுவதும் அச்சிறு சொல்லில் அடங்கிற்று. சட்டத்துக்கும் சாஸ்திரத்துக்கும் பிரெஞ்சு வழிச் சொற்கள் தக்கனவே. கதைக்கும் கடிதத்துக்கும் கண்டதைக் கண்டவாறு உரைத்தற்கும் துணைச்சொற்களே தக்கன.

இறுதியாக ஒன்று. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவோரும் இவ்விதியை மறத்தலாகாது. ‘ரான் இன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் ‘உள்ளே ஓடினான்’ என்பாரும் உளர். தமிழ்ச்செவி அத்துடன் அமையாது. சொல்லுவோன் எங்கே நின்றான் என்று கேட்கும். அவன் உள்ளே இருந்தானாயின் ‘ஓடி வந்தான்’. வெளியே இருந்தானாயின் ‘ஓடிப் போனான்’. ஆங்கிலத் தொடர் சொல்லாது விட்டதைத் தமிழ் சொல்லியே தீரும். இதனை எண்ணாது எழுதுவதால் அன்றோ இக்கால மொழிபெயர்ப்புக்கள் பலவற்றில், தமிழ்ப் பெயர் பூண்டோரும் தமிழரைப்போல் நடவாது இடறுகின்றனர்! இரு மொழியும் கற்போர் ஒவ்வொன்றும் தன் பாரத்தை எச்சொல்லின்மேல் ஏற்றுகின்றதென்று காண்பாராக. கண்டபின் ஆங்கிலமும் அவர் கையில் ஓடும். தமிழும் தளராது நடக்கும்.