வனத்தோட்டக் கழகம் கரிசலுக்கு வாரம் பேசி வரட்டும்

தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் 1974-இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட அரசு நிறுவனம்; வனத்துறையிடமிருந்து குத்தகைக்குப் பெற்ற நிலங்களில் தைலமரமும் முந்திரியும் வளர்த்து, காகித ஆலைகளுக்குக் கூழ்மரம், அதாவது அரைத்துக் காகிதக்கூழாக மாற்றப்படும் மரம், வழங்குவதே அதன் முதன்மைத் தொழிலாக இருந்து வந்துள்ளது. மாநில அரசால் 1979-இல் தோற்றுவிக்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமோ, கரும்புச் சக்கையோடு மரமும் தேவைப்பட்டதால், 2004–05 முதல் உழவரின் பட்டா நிலத்தையே நாடிச் சென்றது. அதற்கு அந்நிறுவனம் இரு வழிகளைக் கையாள்கிறது: உழவரே தம் செலவில் சவுக்கையும் தைலமரத்தையும் வளர்க்க, கன்றும் ஆலோசனையும் தந்து விளைந்ததை வாங்கிக்கொள்வது ஒன்று, நில உடைமை உழவரிடமே இருக்க, நிறுவனமே செலவிட்டு நட்டு, வாடகையோ விளைச்சலில் பங்கோ தருவது மற்றொன்று.

வனத்தோட்டக் கழகமும் பின்பற்றத்தக்க இவ்வழிகள் கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு வட்டாரங்களின் மானாவாரிக் கரிசல் நிலத்துக்கும் வர வேண்டும் என்றும், ஆனால் பாசனப் பகுதிகளுக்கு எழுதப்பட்ட நிபந்தனைகளோடு வரக் கூடாது என்றும் இவ்வட்டார உழவர் குழுவினர் கருதுகின்றனர். இங்கு பொருந்தும் நிபந்தனைகள் எவையாக இருக்க வேண்டும் என்பதை நிறுவனங்கள் வருமுன் ஊரார் கூடி முடிவு செய்ய வேண்டும் என்பதற்காகவே இவ்வேண்டுகோள் விடுக்கப்படுகிறது.

கரிசலின் இயல்பை அறியாத எந்தத் திட்டமும் இங்கே நிலைத்ததில்லை. நனைந்தால் உப்பி, காய்ந்தால் ஆழமாகப் பாளம் பாளமாக வெடிக்கும் இம்மண், இளங்கன்றின் வேரை வெடிப்பிலேயே அறுத்துவிடக் கூடியது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகவே கிடைப்பதால், அதற்கு முன்பே விதைத்துக் காத்திருந்து உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், கம்பு, பருத்தி ஆகியவற்றை எடுப்பதே இங்குள்ள வழக்கம். ஒரு பருவம் பொய்த்தால் அவ்வாண்டு வருமானமே பொய்த்துப்போகும் வீட்டில், ஏழெட்டு ஆண்டுகள் கழித்து வெட்டப்படும் மரத்துக்காக யாரும் நிலத்தை முடக்க மாட்டார்கள். 1901-இல் பருத்திப் பண்ணையாகத் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இம்மண்ணைக் கவனித்து வருகிறது. நிறுவனங்கள் எந்த மரத்தைப் பரிந்துரைத்தாலும் அங்கு கேட்டறிந்த பின்னரே உழவர் ஒப்புக்கொள்வது நல்லது.

தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போன இவ்வட்டாரத்தில், தீக்குச்சிக்கான மரம் பெரும்பாலும் கேரளத்திலிருந்தே லாரிகளில் வருகிறது என்பது வருந்தத்தக்க நிலை. தீக்குச்சிக்கு உகந்த பெருமரம் இங்கேயே வளரக் கூடியது என்றாலும், அது நீர் தேங்காத செவலிலும் சரளையிலும்தான் செழிக்கும். கனத்த கரிசலில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். ஆகவே ஒரே ஊரிலேயே செவல் காட்டில் பெருமரமும், கரிசல் வரப்புகளில் வேம்பும் வாகையும் பனையும், ஓடைக்கரைகளில் நாட்டுக் கருவேலும் எனப் புலத்துக்குப் புலம் வேறுபட்ட நடவே பொருந்தும். முழுப் புலத்தையும் அடைத்து நடுவதைவிட, வேளாண்காடு எனப்படும் முறையில், அதாவது மர வரிசைகளை அகலமாக விட்டு இடையில் பயறு விதைக்கும் முறையில் நட்டால், காத்திருக்கும் ஆண்டுகளிலும் வீட்டுக்கு ஏதேனும் வந்து சேரும்.

தொடங்க வேண்டிய இடம் விளைநிலமன்று. சீமைக்கருவேல் அடைத்துக் கிடக்கும் தரிசே. அம்மரத்தை அகற்றுமாறு 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை மாநில அரசு 2022-இல் வெளியிட்டது. முதுமலையில் பரவிய அயல்மரமான மஞ்சள் கொன்றையை வெட்டிக் காகிதக்கூழுக்குப் பயன்படுத்தும் பணி செய்தித்தாள் காகித நிறுவனத்திடமே ஒப்படைக்கப்பட்டிருப்பதால், அகற்றலையும் மறுநடவையும் இணைப்பது அரசு நிறுவனத்துக்குப் புதிய வேலையன்று. எனினும், மழை பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது சீமைக்கருவேலின் கரிமூட்டமே என்பதையும், அதன் நெற்றை ஆடுகள் தின்று வாழ்கின்றன என்பதையும் மறக்கலாகாது. ஒரே மூச்சில் அனைத்தையும் வேரோடு பிடுங்கிவிட்டு, கரி சுடுவோரையும் கிடைபோடும் ஆட்டுக்காரரையும் நிலத்திலிருந்து விரட்டும் திட்டம் எவ்வளவு பசுமையாகத் தோன்றினாலும் இக்குழுவினர் அதை ஏற்கமாட்டார்கள். பகுதி பகுதியாக வெட்டி, வெட்டும் வேலையையும் கரியின் வருவாயையும் உள்ளூரார்க்கே அளித்து, அறுவடைக்குப் பிந்தைய மேய்ச்சல் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வைப்பதே நியாயமானது.

வாரம், அதாவது விளைச்சலில் பங்கு, பேசுவது இந்நாட்டுக்குப் புதிதன்று. மேற்கு வங்கத்தின் அராபாரியில் 1972-இல் தொடங்கிய முயற்சியில், அழிந்து வந்த சால் காட்டைக் காத்த ஊர்மக்களுக்கு வருவாயில் 25 விழுக்காடு உறுதியளிக்கப்பட்டது; காடு மீண்டும் தழைத்தது; அதை முன்மாதிரியாகக் கொண்டே 1990-இல் நடுவண் அரசு கூட்டு வன மேலாண்மையை நாடெங்கும் பரிந்துரைத்தது. சாவகத்தில் இந்தோனேசியாவின் அரசு வன நிறுவனமான பெரும் பெர்ஹுத்தானி 2001 முதல் மரவருவாயில் ஊர்க்குழுக்களுக்குப் பங்கு அளித்து வருகிறது. தமிழ்நாட்டிலும் 1981 முதல் சுவீடன் உதவியுடன் நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் கண்மாய்களில் நாட்டுக் கருவேல் நடப்பட்டு, ஏலத் தொகையில் ஒரு பகுதி ஊராட்சிகளுக்குக் கிடைத்தது. ஆனால் எந்த மரம், எங்கே, எப்போது வெட்டு என்பவற்றை முடிவு செய்ததில் ஊராருக்கு இடமிருந்ததா என்று அக்கால ஊராட்சித் தலைவர்களையே கேட்டுப் பார்ப்பது இனி பேசப்போகும் வாரத்துக்கு உதவும்.

இங்குள்ள உழவரின் பெரிய அச்சம் நிலம் கைநழுவிப் போய்விடுமோ என்பதே. காற்றாலைக்கும் சூரிய மின்நிலையங்களுக்கும் விற்ற நிலம் திரும்பாது என்பதை இவ்வட்டாரம் கண்டிருக்கிறது. எனவே ஒப்பந்தம் தமிழில் எழுதப்பட வேண்டும். பட்டா உழவர் பெயரிலேயே நீடிக்க வேண்டும். மரப்பயிர் அடங்கலில் பதியப்பட வேண்டும். குறைந்தபட்ச விலை நடும் நாளிலேயே உறுதி செய்யப்பட வேண்டும். வெட்டுக்கு முந்தைய ஆண்டுகளில் பங்கின் ஒரு பகுதி முன்பணமாகத் தரப்பட வேண்டும். மழை பொய்த்துக் கன்று பட்டுப்போனால் மறுநடவுச் செலவு நிறுவனத்தைச் சேர வேண்டும். கடைசியாகச் சொன்னதே இவற்றுள் தலையாயது. அரசு நிறுவனத்தின் பின்னால் மாநிலக் கருவூலம் நிற்கிறது; உழவர் பின்னால் யாரும் இல்லை.

ஆகவே, அக்டோபர் 2-இல் கூடும் கிராம சபையில் இந்நிபந்தனைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கும் இரு நிறுவனங்களுக்கும் அனுப்புமாறு ஊராட்சி மக்களும், கேரளத்துக்குச் செல்லும் மரக்காசில் ஒரு பகுதியையேனும் உள்ளூர்ப் பெருமரத்துக்கு ஒதுக்க முன்வருமாறு தீப்பெட்டி உற்பத்தியாளரும், ஒப்பந்த வாசகங்களை உழவருக்குப் படித்து விளக்குமாறு ஓய்வுபெற்ற ஆசிரியரும் வழக்கறிஞரும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். நிலமில்லாதவர்களும், கரிமூட்டத் தொழிலாளரும், ஆடு மேய்ப்போரும் அச்சபைக்குத் தவறாமல் வந்து தம் தேவையைத் தீர்மானத்தில் சேர்க்கச் செய்ய வேண்டும்; அவர்கள் வராத கூட்டத்தில் எழுதப்படும் ஒப்பந்தத்தில் அவர்களுக்குப் பங்கு இராது.