ஏட்டில் ஒரு வரி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

மனிதன் வாழ்ந்ததற்கு அடையாளம் எது? அரசனுக்குக் கல்வெட்டு உண்டு. செல்வனுக்குச் சொத்துப் பத்திரம் உண்டு. படித்தவனுக்குப் பட்டம் உண்டு. அன்றாடம் உழைத்து, உண்டு, உறங்கி, மறைந்துபோன ஏழைக்கு என்ன உண்டு?

இந்தக் கேள்வி எனக்கு நூலகத்தில் பிறந்ததன்று. 2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஓர் இரவு, பெரும்பாக்கம் குடியிருப்பின் மாடிப்படியில், கையில் ஒரு படிவத்தோடு அமர்ந்திருந்தபோது பிறந்தது.

அந்த மாதம் 4-ஆம் நாள் தமிழகத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியதை அனைவரும் அறிவீர்கள். வீடுதோறும் கணக்கெடுப்புப் படிவம் வந்தது. இதற்கு முன் இத்தகைய திருத்தம் நடந்த 2002 அல்லது 2005-ஆம் ஆண்டுப் பட்டியலில் நம் பெயர் எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று அதில் எழுத வேண்டும். அன்று பெயர் இல்லாதவர்கள் தாய், தந்தை போன்ற உறவினரின் விவரத்தை எழுத வேண்டும். எழுத இயலாதவர்கள் பின்னர் ஆவணங்களைக் காட்ட நேரிடும்.

2002-இல் என் தாயாருக்கு 18 வயது நிரம்பவில்லை. ஆகவே அவருடைய தாயாரை, அதாவது என் ஆயாவை, பழைய பட்டியலில் தேட வேண்டியதாயிற்று. கோட்டூர்புரத்தை ஒட்டிய அடையாற்றங்கரையில் ஒரு குடிசையில் வாழ்ந்தவர் ஆயா. தியாகராய நகரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் தம் பிள்ளைகளை வளர்த்தவர். நான் சிறு குழந்தையாக இருந்தபோதே மறைந்துவிட்டார். வீட்டில் இருந்த காகிதங்களை 2015 டிசம்பர் வெள்ளம் கொண்டு போயிற்று. அதன்பின் ஆற்றங்கரையே எங்களுக்கு இல்லாமற் போயிற்று. பெரும்பாக்கத்து மாடி வீடு கிடைத்தது. ஆயாவின் புகைப்படம்கூட எங்களிடம் இல்லை.

கணிதம் படிப்பவள் அல்லவா? தேடுவது எளிது என்று எண்ணிவிட்டேன். தேடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்த ஏடு ஆளைக் கேட்பதில்லை, வீட்டைக் கேட்கிறது. தொகுதி, பாகம், தெரு, கதவெண் என்னும் வரிசையில்தான் அது எழுதப்பட்டிருக்கிறது. ஆற்றங்கரைக் குடிசைக்குக் கதவெண் ஏது? தெருப் பெயர் ஏது? போதாக்குறைக்கு 2008-இல் தொகுதிகளின் எல்லைகளே மாற்றப்பட்டன. சென்னையின் 14 தொகுதிகள் 16 ஆயின. வேளச்சேரி என்று புதுத் தொகுதி பிறந்தது. இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அன்றைய பெயரைத் தேடுவது, இடித்துக் கட்டிய வீட்டில் பழைய வாசலைத் தேடுவது போன்றது.

பெயரைக் கொண்டு தேடலாமே என்பீர்கள். எந்தப் பெயரை? வீட்டில் அழைத்த பெயர் ஒன்று. ரேஷன் அட்டையில் இருந்த பெயர் ஒன்று. அது 'அம்மா' என்று முடிகிறதா, 'அம்மாள்' என்று முடிகிறதா என்பது என் தாயாருக்கே நினைவில்லை. மூன்று இரவுகள் வீணாயின. நான்காம் இரவு ஒரு பக்கத்தின் நடுவில் அந்த வரி கிடைத்தது. ஆயாவின் பெயர், ஓர் எழுத்து விடுபட்ட தாத்தாவின் பெயர், வயது 45.

"அம்மா, ஆயா பேரு இருக்கு" என்றேன்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என் தாயார். கைப்பேசியை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். "கவருமெண்டு ஏட்டுல எங்கம்மா பேரா?" என்று கேட்டார். பிறகு, "இன்னொரு தடவ நீ படிடி" என்றார். படித்தேன். படிவத்தை நிரப்ப வேண்டும் என்பதையே இருவரும் சிறிது நேரம் மறந்துவிட்டோம்.

மறுநாள் முதல் எங்கள் மாடிப்படி ஒரு சிறு அலுவலகமாயிற்று. "பாப்பா, நீ காலேஜ் படிக்கிற பொண்ணு. எங்கப்பா பேரு கெடைக்குதா பாரேன்" என்று அக்கம்பக்கத்தார் வந்தார்கள். மயிலாப்பூர்க் கால்வாய்க் கரையிலிருந்து வந்தவர்கள், சைதாப்பேட்டையிலிருந்து வந்தவர்கள் என எட்டுக் குடும்பங்களுக்குத் தேடினோம். மூன்று குடும்பங்களுக்குத்தான் கிடைத்தது. கிடைக்காதவர்கள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனதுதான் என்னை வருத்தியது.

இப்போது ஆயா வேலை பார்த்த தெருவை எண்ணிப் பாருங்கள். பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரைத் தாங்கிய தியாகராய நகர் 1920-களில் மனைகளாகப் பிரிக்கப்பட்டது. அங்கே மனை உள்ள ஒருவர் தம் முன்னோரை அறிய விரும்பினால் பதிவு அலுவலகத்துக்குப் போகலாம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துக்களின் பதிவேட்டைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். வில்லங்கச் சான்று ஒன்று வாங்கினால் யார் வாங்கினார், யாருக்கு விற்றார், யாருக்கு எழுதி வைத்தார் என்று தலைமுறைகள் வரிசையாக வந்து நிற்கும். மண் உள்ளவரை மண் நினைவில் வைத்துக்கொள்கிறது. மண் இல்லாதவரை யார் நினைவில் வைத்துக்கொள்வது? அவருக்கு மிஞ்சியது வாக்காளர் பட்டியலின் அந்த ஒரு வரிதான்.

அந்த வரியும் எளிதில் வந்ததன்று. 1951-52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எழுதச் சென்றபோது, வடமாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே சொன்னார்கள். பெயரோடுதான் எழுத வேண்டும் என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். விளைவாக ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. அன்று அது கடுமையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் என் ஆயா யாருடைய மனைவி என்று மட்டும் எழுதப்படாமல், தம் சொந்தப் பெயரால் எழுதப்பட்டதற்கு அந்த உறுதியும் ஒரு காரணம் என்று இன்று நன்றியோடு நினைக்கிறேன்.

அப்படியானால் எல்லா ஏடுகளையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டியதுதானே என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் ஏறத்தாழ அப்படித்தான். அங்கே 'கவுண்டி' எனப்படும் மாவட்டம் போன்ற பிரிவுகள் 3,000-க்கும் மேல் உள்ளன. அவற்றின் அலுவலகங்களில் சொத்துப் பத்திரங்களையும் வழக்குத் தாள்களையும், பல இடங்களில் திருமணப் பதிவுகளையும் பொதுமக்கள் பார்க்கலாம். பிரிந்த உறவினரை இவ்வழியில் கண்டவர்கள் உண்டு. ஆனால் அதே ஏடுகளைத் திரட்டி, பணம் கொடுப்பவருக்கு விற்கும் நிறுவனங்களும் உண்டு.

இதன் ஆபத்துக்கு ஒரு சான்று கூறுவேன். 1989-இல் ரெபெக்கா ஷேஃபர் என்னும் 21 வயது நடிகையைக் கலிபோர்னியாவில் ஒருவன் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான். அவன் அந்த முகவரியைத் துப்பறிவாளர் ஒருவர் மூலம் வாகனத் துறையின் பதிவேட்டிலிருந்து பெற்றிருந்தான். அதன் பின்னரே, 1994-இல், அத்தகைய பதிவுகளைக் காக்க அந்நாடு சட்டம் இயற்றியது. பட்டியலைத் தேடுவது எங்களுக்கு எளிதாக இருந்திருந்தால், குடிகாரக் கணவனுக்கு அஞ்சி வேறு ஊரில் வாழும் பெண்ணைத் தேடுகிறவனுக்கும் அது எளிதாக இருந்திருக்கும். நம் நாட்டில் 2018-இல் உச்ச நீதிமன்றமும், கணினியில் தேடக்கூடிய வடிவில் பட்டியலைக் கட்சிகளுக்குத் தருமாறு தேர்தல் ஆணையத்தைக் கட்டாயப்படுத்த மறுத்துவிட்டது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆகவே என் வாதம், கதவுகளையெல்லாம் உடைத்துவிட வேண்டும் என்பதன்று. தன் குடும்பத்தைத் தேடி வருகிறவருக்குத் தேட ஒரு கை வேண்டும் என்பதே. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. ஆற்றங்கரையிலிருந்து மக்களை அகற்றியது அரசு. மாற்று வீடு ஒதுக்கியதும் அரசு. எந்தக் குடும்பம் எந்தக் கரையிலிருந்து எந்த மாடிக்குப் போயிற்று என்ற கணக்கு அதன் கையில் இருக்கத்தானே வேண்டும்? அந்தக் கணக்கைக் கொண்டு பழைய இருப்பிடத்தையும் புதிய கதவெண்ணையும் ஏட்டிலேயே இணைத்திருந்தால், எட்டில் ஐந்து குடும்பங்கள் வெறுங்கையோடு எழுந்து போயிருக்குமா? மாறிச் சென்றவர் வேறு, மாற்றப்பட்டவர் வேறு. மாற்றப்பட்டவரிடம் போய், "நீ முன்பு எங்கே இருந்தாய், நிரூபி" என்று கேட்பது முறையாகாது.

இது எங்கள் மாடிப்படியின் கதை மட்டுமன்று. 2025 டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழகம் முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோரும் இருமுறை பதிவானோரும் அதில் உண்டு. ஆனால் பெரும்பகுதியினர் இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள் என்றே கூறப்பட்டது. வீட்டைக் கேட்கும் ஏடு, வீடு மாறியவரை எளிதில் இழந்துவிடுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அரசு செய்ய வேண்டியது ஒருபுறம் இருக்கட்டும். நாம் செய்யக்கூடியது என்ன? நம்மில் பலர், என்னைப் போலவே, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம் தெருவில் படிவத்தைப் படிக்கத் தெரிந்தவர் நாமாகத்தான் இருப்போம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். வீட்டுக்கு ஒரு தாள். அதில் ஒவ்வொருவர் பெயரும் ஒரே எழுத்தில். பழைய தெரு, பழைய தொகுதி, பாக எண். அந்தத் தாள் அந்த வீட்டிலேயே இருக்கட்டும். நாம் எடுத்துவர வேண்டாம். பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்யச் சொல்லிக் கொடுக்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கையிலிருந்து வாக்காளர் பட்டியல் வரை, பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றே ஆதாரம் என்று சட்டம் வந்துவிட்டது. இன்று பெயரில் விழும் ஓர் எழுத்துப் பிழை இருபது ஆண்டு கழித்து ஒரு குழந்தையை மாடிப்படியில் உட்கார வைக்கும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்டினால் மாணவர்கள் பின்வாங்க மாட்டோம்.

படிவத்தைக் கொடுத்துவிட்டோம். ஆயாவின் பெயர் உள்ள பக்கத்தை நகலெடுத்து வந்து தருமாறு என் தாயார் கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டு ரூபாய்க்கு நகலெடுத்துக் கொடுத்தேன். அது இப்போது எங்கள் வீட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில், புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.