பென்குயின் அழகு தான், ஆனா கூனிக்கு யார் பேசறது?

இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கம்மி. அதனால கொஞ்சம் சீரியஸான மேட்டர் ஒண்ணு எழுதிடறேன். மொக்கையா இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க, தாங்கிக்கறேன். :-)

அண்டார்டிகான்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பென்குயின். அடுத்தது திமிங்கலம். ஆனா அந்தக் கடலையே தாங்கிப் பிடிக்கறது கிரில்னு ஒரு பொடி ஜீவன். நீளம் ஆறு சென்டிமீட்டர் தான். சந்தையில கருவாட்டுக் கடைக்காரம்மா படியில அளந்து போடுவாங்களே சென்னாகுன்னி, அதுக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கங்க. நீலத் திமிங்கலம், சீல், பென்குயின் எல்லாத்துக்கும் அதுதான் சோறு. சின்ஸ்ட்ராப்னு ஒரு வகை பென்குயின் கிட்டத்தட்ட கிரில்லை மட்டுமே தின்னு வாழுது. ஒரே ஒரு சர்வர், அதை நம்பி நூறு அப்ளிகேஷன். பேக்கப் கிடையாது.

கடலே இல்லாத தர்மபுரிக்காரனுக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. ஒரு தொடுப்பு இருக்கு: ஃபுளோரைடு. எங்க மாவட்டத்துல போர்த் தண்ணியைக் குடிச்சுப் பல்லு காவியேறி, எலும்பு வளைஞ்சவங்க நிறையப் பேர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல வந்ததே அதுக்காகத்தான். குடிதண்ணியில லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினாலே ஆபத்து. காய்ஞ்ச கிரில்ல கிலோவுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல இருக்கு! பெரும்பாலும் ஓட்டுல தான். செத்ததும் சீக்கிரம் உரிக்கலைன்னா சதைக்குள்ள இறங்கிடும். 1970கள்ல சோவியத் யூனியன் இதை மனுஷச் சாப்பாடாக்கப் பெரிய முயற்சி எடுத்தும் பெருசா எடுபடாமப் போனதுக்கு இதுவும் ஒரு காரணம். பென்குயினுங்க எலும்புலயும் அது குவியுது, ஆனாலும் தலைமுறை தலைமுறையா அதையே தின்னு ஜம்முனு நடமாடுதுங்க. எங்க ஊர்ல ஒரு குடத்துத் தண்ணியிலயே முட்டி போயிடுது.

ஆக, நம்ம தட்டுக்கு வர்ற சாப்பாடு இல்ல அது. அப்புறம் எதுக்குப் பிடிக்கறாங்க? பண்ணையில வளர்க்கற சால்மன் மீனுக்குத் தீவனம், மெடிக்கல் ஷாப்ல விக்கற ஒமேகா-3 மாத்திரை. அவ்வளவு தான்.

"அண்டார்டிகா முழுக்க 30 கோடி டன்னுக்கு மேல கிரில் இருக்கு. வருஷத்துக்கு 6.2 லட்சம் டன் பிடிச்சா என்ன குறைஞ்சிடும்?"னு கம்பெனிக்காரங்க கேக்கறாங்க. கால் சதவீதம் கூட இல்ல, கணக்கு சரி தான். ஆனா மேட்டூர்ல 93 டி.எம்.சி. நிக்குதுன்னு, பாலக்கோட்டுல கிணறு வத்திப்போனவன்கிட்ட போய்ச் சொல்லிப் பாருங்க. குஞ்சை வச்சிருக்கற பென்குயின் கூட்டை விட்டு ரொம்ப தூரம் போய் இரை தேட முடியாது. கப்பலும் அதே இடத்துக்குத்தான் வருது, கிரில் கூட்டமா நிக்கறது அங்கதானே.

இதைத் தடுக்கத்தான் தென்மேற்கு அட்லாண்டிக் பக்கம் நாலு பகுதியாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனி உச்சவரம்பு வச்சிருந்தாங்க. அண்டார்டிகக் கடல் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையம் போட்ட விதி அது. 2024 கூட்டத்துல ஒத்த கருத்து வராம அந்த விதி காலாவதியாயிடுச்சு. விளைவு? 2025-ல மொத்த 6.2 லட்சம் டன்னும் ஆகஸ்ட்டுக்குள்ளயே தீர்ந்து, சீசனையே முன்கூட்டி மூட வேண்டியதாப் போச்சு.

இது போதாதுன்னு பனி வேற. குட்டி கிரில் குளிர்காலத்தை ஓட்டறதே கடல் பனிக்கு அடியில ஒட்டியிருக்கற பாசியைச் சுரண்டித் தின்னு தான். 2023 செப்டம்பர்ல அந்தக் கடல் பனி, 1979-ல செயற்கைக்கோள் கணக்கு ஆரம்பிச்சதுல இருந்து எந்தக் குளிர்காலத்துலயும் இல்லாத அளவுக்குச் சுருங்கிச்சு. அதுக்கு முந்தின வருஷம் பெல்லிங்ஸ்ஹாசன் கடல் பக்கம் பனி சீக்கிரமே உடைஞ்சதுல, அஞ்சு எம்பரர் பென்குயின் குடியிருப்புல நாலுல குஞ்சுங்க தப்பிக்கலைன்னே சொல்லலாம். நீர் புகாத இறகு முளைக்கறதுக்குள்ள காலடியில தரையே போயிடுச்சு.

சரி, இதுல இந்தியா எங்க வருது? இங்க தான் என் ஆதங்கமே. அந்த ஆணையத்துல நாம சும்மா பார்வையாளர் இல்ல, உறுப்பு நாடு. எல்லாரும் ஒத்துக்கிட்டா தான் எதுவும் நடக்கும்ங்கற இடம், அதனால ஒவ்வொரு குரலும் கனம். 1981-ல கோவாவுல இருந்து கிளம்பின நம்ம முதல் பயணத்துக்குத் தலைவரே ஒரு கடல் உயிரியலாளர், டாக்டர் காசிம். 1995-96-ல 'சாகர் சம்பதா' கப்பல்ல கிரில்லுக்குன்னே தனியாப் போய் ஆராய்ஞ்சிருக்கோம். மைத்ரி 1989-ல இருந்து, பாரதி 2012-ல இருந்து ஓடுது.

கிழக்கு அண்டார்டிகாவையும் வெட்டெல் கடலையும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கற யோசனைக்கு ஆதரவுன்னு 2021-லயே நம்ம அரசு அறிவிச்சாச்சு. அந்த வெட்டெல் கடலோட அடியில தான், சுமார் ஆறு கோடி ஐஸ்ஃபிஷ் கூடு இருக்கறதை ஜெர்மன்காரங்க கண்டுபிடிச்சாங்க. அந்த மீனுங்க ரத்தத்துல சிவப்பே கிடையாது, தெரியுமோ? ஆனா ரஷ்யாவும் சீனாவும் முட்டுக்கட்டை போடறதால யோசனை காகிதத்துலயே நிக்குது.

அறிவிச்சதோட நம்ம கடமை முடிஞ்சுதா? ரெண்டு பேர்கிட்டயும் பிரிக்ஸ் மேடையில பக்கத்துப் பக்கத்துல உக்கார்ந்து பேசற நாடு நாம. "அந்த நாலு பகுதி வரம்பையாவது திரும்பக் கொண்டு வாங்கப்பா"ன்னு அழுத்திச் சொல்ல நம்மள விடத் தோதான ஆள் யாரு? 2024 மே மாசம் அண்டார்டிக் ஒப்பந்தக் கூட்டத்தை கொச்சியில நடத்திக் காட்டினோம். சோறு போட்டு உபசரிச்சவங்க கொஞ்சம் உரிமையோட பேசவும் செய்யலாமே.

நம்ம கையில இருக்கறது ஒண்ணு தான். கிரில் எண்ணெய் மாத்திரையை வாங்காம இருக்கறது. ஒமேகா-3 வேணும்னா நம்ம மத்தி மீனு இருக்கு. சைவம்னா ஆளி விதை ஓரளவு கைகொடுக்கும். விலையும் கம்மி, பென்குயின் சாபமும் வராது.

டிஸ்கி: "தர்மபுரியில உக்கார்ந்துக்கிட்டு அண்டார்டிகாவுக்குக் கவலையா?"ன்னு கேக்கப் போற அண்ணாச்சிகளுக்கு: தண்ணியில இருக்கறது யார் எலும்புல போய்ச் சேரும்னு எங்க ஊர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். :-)