எம்டன்: ஒரு கப்பல், ஒரு படம், ஒரு சொல்!

காதும் காதும் வைத்த மாதிரி ஒருவர் காரியத்தை முடித்துவிட்டால், சங்கரன்கோவில் பக்கம் “அவன் பெரிய எம்டன்லா!” என்பார்கள். கண்டிப்பான அப்பாவும் பிள்ளைகளுக்கு எம்டன்தான். கடலே இல்லாத ஊரில் புழங்கும் இந்தப் பெயர், ஒரு ஜெர்மன் போர்க்கப்பலுடையது!

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி. முதல் உலகப்போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே ஓசைப்படாமல் வந்து நின்றது எம்டன். கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் உத்தரவிட, சுமார் 130 குண்டுகள் பாய்ந்தன. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் கப்பல் மாயம்! அடுத்தடுத்த நாள்களில் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

அதே ஆண்டு நவம்பர் 9-ம் தேதி, கோகோஸ் தீவுகள் அருகே ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் எம்டனின் கதையை முடித்தது.

ஆனால், எம்டன் சினிமாவில் மறுபடி மிதந்தது. 1926-ல் லூயிஸ் ரால்ஃப் இயக்கிய ‘உன்ஸெரெ எம்டன்’, அதாவது ‘நம்ம எம்டன்’, ஜெர்மனியில் வெளியானது. பேசாத படம். போரில் தோற்ற தேசத்துக்குத் தன் கப்பலின் வீரத்தைப் பார்ப்பதில் ஓர் ஆறுதல். இந்தப் படம் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, அங்கே கென் ஹால் என்பவர் ‘சிட்னி’ கப்பல் தரப்பின் காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்து 1928-ல் வெளியிட்டார். ஒரே சண்டை, அவரவர் ஊரில் அவரவர் ஹீரோ!

தமிழர்கள் அந்தக் கப்பலை ஒரு சொல்லாக்கி வைத்துக்கொண்டார்கள். ‘எமன்’ என்ற சாயல் அதில் இருப்பது இன்னும் பொருத்தம். 2006-ல் ‘எம்டன் மகன்’ என்று பெயர் வைத்த படம், தமிழ்ப் பெயருக்கான வரிவிலக்குக்காக ‘எம் மகன்’ ஆனது. பெயர்தான் மாறியது, நாசர் நடித்த அப்பாவை மக்கள் எம்டன் என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கப்பலின் சாமர்த்தியம் சொல்லில் நிலைத்துவிட்டது. அன்றிரவு இறந்தவர்களை எந்தச் சொல்லும் ஞாபகம் வைக்கவில்லை. குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எம்டனைப் பற்றிச் சொல்லும்போது, அந்த ஐந்து பேரைப் பற்றியும் சொல்லுங்கள்.